ஆறப் போட்ட நிலமும் களைத்த மனமும்

களைப்பு எமக்குப் புதிதல்ல. காலபோகத்துக்கு வரம்பு கட்டி, விதைத்து, பன்றிக்கும் மாட்டுக்கும் இராக்காவல் இருந்து, அருவி வெட்டிச் சூடடித்து முடிக்கும்போது கமக்காரனின் உடம்பில் நோகாத இடம் இராது. ஆனால் அந்தக் களைப்புக்கு ஒரு முடிவு உண்டு. கிணற்றடியில் ஒரு குளிப்பு, வயிறு நிறையச் சோறு, ஓர் இரவு நித்திரை. விடிய எழும்பும்போது உடம்பு பழையபடி எம்முடையதாகிவிடும். வேலைக்கும் ஓய்வுக்கும் இடையே ஓர் ஒழுங்கு இருந்தது. மழையும் வெயிலும் அந்த ஒழுங்கை எமக்குக் கற்றுத் தந்தன.

இடம்பெயர்ந்தவரின் களைப்பு வேறு. அது நித்திரையால் தீர்வதில்லை. 1977 இலும் 1983 இலும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்தவர்கள், 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1995 ஒக்டோபர் 30 இரவு கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தவர்கள், 2006 இல் சம்பூரை விட்டவர்கள், 2009 மே வரை வன்னிக்குள்ளேயே ஊர் ஊராக நகர்ந்து கடைசியில் மெனிக் பாம் முகாமின் தறப்பாளுக்குக் கீழ் வந்து சேர்ந்தவர்கள் என்று எம் மக்களின் கணக்கு நீளும். ஒருமுறை எழும்பியவரைக் காண்பதே அரிது. ஏழு, எட்டு இடம் மாறியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. சம்பூரில் காணிகள் 2015 இல் திரும்பக் கிடைக்கத் தொடங்கின. கேப்பாப்புலவு மக்கள் 2017 இல் வீதியோரத்தில் இருந்து கேட்டுத் தமது காணியின் ஒரு பகுதியைப் பெற்றார்கள். இன்னும் விடுபடாத காணிகள் உண்டு. விடுபட்ட காணிக்குப் போனவர்களும் பற்றைக்காட்டையும் இடிந்த கிணற்றையும் கண்டு, ஐம்பது வயதில் இருபது வயதுக்காரன் செய்யும் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. காணி கிடைக்காதவருக்கும் களைப்பு. கிடைத்தவருக்கும் களைப்பு.

உழைத்துச் சோர்ந்தவர்களைத் தம்மிடம் வரும்படி இயேசு அழைத்ததை மத்தேயு நற்செய்தியின் 11 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தேவாலய நாட்காட்டியில் அச்சிட்டு எமது கொட்டில்களில் தொங்கும் வசனம் அது. அந்த அழைப்பை நாம் உண்மையில் நம்புகிறோமா? "காணி கிடைக்கட்டும், பிள்ளைகள் கரைசேரட்டும், கடன் தீரட்டும், அதன் பிறகுதான் ஆறுதல்" என்று மனதுக்குள் ஒத்திவைத்துவிட்டோமா? இளைப்பாறுதல் வேலை முடிந்த பின் கிடைக்கும் கூலி என்று நினைப்பது எம்மிடையே பரவியிருக்கும் எண்ணம். அது கடவுள் வழிநடுவே தரும் உணவு என்பதே எமது நம்பிக்கை. அந்த உணவை உண்டவர்தான் மிச்ச வழியை நடக்க முடியும். அதைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

சும்மா இருப்பது ஓய்வாகுமா?

"முகாமில் சும்மாதானே இருந்தீர்கள், அது ஓய்வுதானே" என்று எம்மைப் பார்த்துக் கேட்டவர்கள் உண்டு. விளைநிலத்தை அறிந்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். ஆறப் போட்ட நிலம் ஒன்று, கைவிடப்பட்ட நிலம் இன்னொன்று. வலிகாமத்துச் செம்மண் தோட்டத்தில் புகையிலையோ வெங்காயமோ எடுத்த பிறகு சணல் விதைத்து, அது பூக்கும் பருவத்தில் உழுது மண்ணுக்குள் புதைப்பார்கள். பூவரசங் குழை வெட்டித் தாழ்ப்பார்கள். அந்த மாதங்களில் தோட்டத்திலிருந்து ஒரு சதமும் வராது. ஆனால் வரம்பு நிற்கும், வேலி நிற்கும், மண்ணுக்குள் உயிர் ஊறும். அது ஆறுகிற நிலம்.

ஆட்கள் துரத்தப்பட்ட காணியில் நடப்பது வேறு. வேலி சரியும். துரவு தூர்ந்துபோகும். வரம்பு கரையும். பற்றையும் பார்த்தீனியமும் மூடும். மண்ணுக்குள் கண்ணிவெடி கிடக்கும். இரண்டு நிலத்திலும் பயிர் இல்லை. தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கமக்காரன் மட்டும் இரண்டையும் வேறுபிரித்து அறிவான்.

மனிதனுக்கும் இதுவே. நிவாரண அட்டையோடு வரிசையில் நிற்பது, பிரதேச செயலகத்துக்கும் கிராம அலுவலரிடமும் அலைவது, தண்ணீர் வண்டிக்குக் காத்திருப்பது, இரவில் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழும்புவது இவை எவையும் ஓய்வாகா. கை சும்மா இருக்கும்போது மனம் முறிய முறிய வேலை செய்கிறது. காத்திருப்பு என்பது கூலியில்லாத கடுமையான வேலை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் இருந்த தாய்மாரைக் கேட்டால் சொல்வார்கள். புதைத்தவருக்காவது அழுது முடிக்க ஒரு நாள் உண்டு. இவர்களுக்கு அந்த நாளும் இல்லை.

எமது பேச்சுத் தமிழில் 'ஆறுதல்' என்ற சொல்லுக்கு இருக்கும் அகலத்தை நினைத்துப் பார்ப்போம். கொதிக்கும் கஞ்சி ஆறும். புண் ஆறும். துக்கப்பட்ட வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்வோம். அவசரப்படுகிறவரை "ஆறுதலாக வாருங்கோ" என்போம். சூடு தணிவதும், காயம் மூடுவதும், துணை கிடைப்பதும், அவசரம் நீங்குவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. வேதாகமம் பேசும் இளைப்பாறுதலும் இவ்வளவையும் உள்ளடக்கியது. அதனால்தான் அது வெறுமனே சும்மா இருப்பதால் கிடைப்பதில்லை.

சோம்பேறிகள் என்றவன் பார்வோன்

இடம்பெயர்ந்தவர்கள் நிவாரணத்துக்குப் பழகிச் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்ற பேச்சை எத்தனை வாயால் கேட்டிருப்போம்! அது மிகப் பழைய பேச்சு. யாத்திராகமம் 5 ஆம் அதிகாரத்தில் அதைப் பார்வோனின் வாயில் கேட்கிறோம். கடவுளை வழிபடப் போக விடும்படி மோசே கேட்டபோது, இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் வழிபாடு என்று கூச்சலிடுகிறார்கள் என்று அவன் சொன்னான். அதோடு நிற்கவில்லை. செங்கல்லுக்கு வேண்டிய வைக்கோலை நிறுத்தினான். வைக்கோலை அவர்களே தேடவேண்டும், செங்கல்லின் எண்ணிக்கையோ குறையக்கூடாது என்று கட்டளையிட்டான். அடக்குகிறவனுக்கு அடிமையின் ஓய்வு எப்போதும் சோம்பலாகவே தெரியும்.

அந்த மக்கள் வெளியே வந்த பிறகு கடவுள் கொடுத்த பத்துக் கட்டளைகளில் ஒன்று ஓய்வுநாள். அதற்கான காரணம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. யாத்திராகமம் 20 இல், கடவுள் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது காரணம். உபாகமம் 5 இல் காரணம் மாறுகிறது. நீங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தீர்கள், கடவுள் உங்களை மீட்டார், ஆகவே ஓய்ந்திருங்கள் என்பது அங்கே சொல்லப்படும் பொருள். ஓய்வு விடுதலையின் அடையாளம். அது பணக்காரரின் சொகுசாகக் கொடுக்கப்படவில்லை. காணி இல்லாத, வீடு இல்லாத, வனாந்தரத்தில் கூடாரத்தில் இருந்த ஒரு சனத்துக்கே கொடுக்கப்பட்டது. வாக்களித்த நாட்டை அவர்கள் மிதிப்பதற்கு முன்பே ஓய்வுநாள் வந்துவிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். முதலில் காணி, பிறகு ஓய்வு என்று கடவுள் வரிசைப்படுத்தவில்லை.

யார் யார் ஓய வேண்டும் என்ற பட்டியலும் அங்கே உண்டு. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியன். எங்கிருந்தோ வந்து இன்னொருவரின் ஊரில் தங்கியிருப்பவருக்கும் அந்த நாளில் பங்குண்டு. எமது பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

எலியாவுக்குக் கிடைத்த முதல் மருந்து

களைத்துச் சாகக் கேட்ட ஒரு மனிதனின் கதை 1 இராஜாக்கள் 19 ஆம் அதிகாரத்தில் வருகிறது. யேசபேல் உயிருக்குத் தேடியதால் எலியா தப்பி ஓடினார். வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் நடந்து, ஒரு சிறு செடியின் கீழ் இருந்து, போதும், என் உயிரை எடுத்துவிடும் என்று கடவுளிடம் கேட்டார். அவரும் இடம்பெயர்ந்தவரே. சாவை விரும்பியது நம்பிக்கை இல்லாத ஒருவரல்ல, பெரிய தீர்க்கதரிசி.

கடவுள் அவரைக் கண்டித்தாரா? உபதேசம் செய்தாரா? இல்லை. தூதன் தொட்டு எழுப்பினான். தணலில் சுட்ட அப்பமும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துவிட்டார். தூதன் அவரைக் குறை சொல்லவில்லை. இரண்டாம் முறையும் தொட்டு, போகவேண்டிய வழி நீளமானது, சாப்பிடும் என்றான். அதன் பிறகுதான் ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடை. மலையில் அவர் முறையிட்டதைக் கடவுள் கேட்டார். தன்னைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை என்று எண்ணியவருக்கு, இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்று காட்டினார். செய்ய வேண்டிய வேலையையும் கொடுத்தார்.

சோறு, நித்திரை, துணை, அதன் பிறகு வேலை. இந்த ஒழுங்கை நாம் மறக்கக் கூடாது. களைத்தவருக்கு முதலில் வசனம் சொல்லப் போகிற எம் எல்லோருக்கும் இதில் பாடம் இருக்கிறது. மாதக்கணக்காக நித்திரை இல்லை, சாப்பாடு மனதுக்குப் பிடிக்கவில்லை, சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால், அதை நம்பிக்கைக் குறைவு என்று சொல்லிவிடாமல், கைபிடித்து வைத்தியரிடம் கூட்டிச் செல்வது விசுவாசத்தின் செயலே. மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தணலில் சுட்ட அப்பத்தைக் கொடுத்தவர் மருந்தையும் கொடுக்கிறார்.

கழுத்துக்கு ஏற்ற நுகம்

இயேசுவின் அழைப்புக்குத் திரும்புவோம். இளைப்பாறுதல் தருவதாகச் சொன்னவர், அடுத்த மூச்சிலேயே நுகத்தைப் பற்றிப் பேசுகிறார். களைத்த மாட்டிடம் நுகத்தைக் காட்டுவதா என்று கேட்கத் தோன்றும். இன்று உழவு இயந்திரம் வந்துவிட்டது என்றாலும், எம்மில் வயதானவர்களுக்கு நுகம் தெரியும். கழுத்துக்குப் பொருந்தாத நுகத்தைக் கட்டினால் அரை நாளில் தோல் உரிந்து புண்ணாகும். அந்தப் புண்ணோடு மாடு இழுக்காது. அடித்தாலும் படுத்துவிடும். பாரம் அதே பாரமாக இருந்தாலும், அளவறிந்து செதுக்கி மழமழப்பாக்கிய நுகமென்றால் மாடு நாள் முழுவதும் நடக்கும்.

இயேசு தச்சுத்தொழில் அறிந்தவர். 2 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், இயேசு கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று எழுதிவைத்திருக்கிறார். தமது நுகத்தைப் பற்றிச் சொல்லும்போது நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் வரும் சொல்லுக்கு 'நல்லது', 'இதமானது' என்ற பொருள்கள் உண்டு. வேலையை அவர் எடுத்துவிடவில்லை. கழுத்தைக் காயப்படுத்தாத விதத்தில் வேலையைத் தருகிறார்.

நுகத்தில் இரண்டு மாடு உண்டு என்பதும் எமக்குத் தெரியும். பழகாத நாம்பனை ஒருபோதும் இன்னொரு பழகாத நாம்பனோடு கட்டமாட்டோம். சால் அறிந்த மாட்டோடு சோடி சேர்ப்போம். பாரத்தின் பெரும் பங்கை அது இழுக்கும், நாம்பன் கூட நடந்து பழகும். எமது பக்கத்தில் நடப்பவர் பாதை அறியாதவரல்லர். பிறந்த சில காலத்திலேயே பெற்றோரோடு இரவில் எகிப்துக்குத் தப்பி ஓடியவர். தலை சாய்க்க இடமில்லை என்று தம்மைப் பற்றிச் சொன்னவர். களைப்பு மிகுந்து, புயலில் ஆடும் படகின் பின்புறத்தில் நித்திரையானவர். எமது களைப்பை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எம் கழுத்தைப் புண்ணாக்கும் நுகங்கள் எவை என்று நாமே பார்க்க வேண்டும். நடந்த எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்ற குற்றவுணர்வு அவற்றில் ஒன்று. "அன்றைக்கு அந்த வழியால் போயிருந்தால் பிள்ளை தப்பியிருப்பான்" என்று இரவுதோறும் கணக்குப் பார்க்கும் தகப்பன் அதைச் சுமக்கிறான். எல்லாம் என்னால்தான் நடக்கவேண்டும் என்ற எண்ணம் இன்னொன்று. தனியே குடும்பத்தைத் தாங்கும் எத்தனையோ தாய்மார் அதைச் சுமக்கிறார்கள். பகை வேறொரு நுகம். இவற்றை இறக்கி வைக்கும்படி அவர் கேட்கிறார். ஒரே நாளில் இறக்க முடியாது. ஆனால் மாலையில் விளக்கேற்றும் நேரத்தில், பாரங்களைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக அவர் முன்னே வைப்பது ஒரு தொடக்கம். நீண்ட செபம் வேண்டாம். "ஆண்டவரே, இன்றைக்கு இவ்வளவும் உம்மிடம்" என்று சொல்லிப் படுக்கலாம்.

இளைப்பாறினால் காணியை மறந்துவிடுவோமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "மனதில் அமைதி கொள்ளுங்கள்" என்று சொல்வது, "காணியைக் கேட்காதீர்கள்" என்று சொல்வதற்கு ஒப்பாகாதா? அப்படிப் போதித்தவர்களும் உண்டு. அது கிறிஸ்துவின் ஆறுதல் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறோம். பறிக்கப்பட்ட காணிக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் அமைதி மயக்க மருந்து.

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தை (எரேமியா 29) வாசித்துப் பாருங்கள். இருக்கும் இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், அந்த நகரத்தின் நலனுக்காகச் செபியுங்கள் என்று அதில் சொல்லப்படுகிறது. அதே கடிதத்தில் ஊர் திரும்பும் வாக்குறுதியும் இருக்கிறது. இருக்கும் இடத்தில் கத்தரியும் மிளகாயும் நடுவது சொந்தக் காணியைக் காட்டிக்கொடுப்பதாகாது. இன்று ஆறுவதும் நாளை திரும்புவதும் ஒரே கடிதத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

அழுகைக்கும் அங்கே இடம் உண்டு. சங்கீதப் புத்தகத்தின் பெரும் பகுதி முறைப்பாடு. ஏன், எவ்வளவு காலம் என்று கடவுளிடம் கேட்கும் செபங்கள் அவை. இளைப்பாறுதல் என்றால் வாயை மூடிக்கொள்வது என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. மனதை ஆறவிட்டவர்கள்தான் நீண்ட நாள் உரிமை கேட்டு நிற்பார்கள். கொதித்துக்கொண்டே இருப்பவர் விரைவில் வற்றிப்போவார். வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காக இருந்த மக்கள் முறைவைத்து இருந்தார்கள், ஒருவருக்கொருவர் சமைத்துக் கொடுத்தார்கள், செபித்தார்கள், பாடினார்கள். ஓய்வைப் பங்கிட்டுக்கொண்டதால்தான் அவர்களால் நிற்க முடிந்தது.

மடுமாதாவின் தலம் இதற்கு எம் நாட்டுச் சாட்சி. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர் துன்புறுத்தப்பட்டபோது, 1670 அளவில் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் சொரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் சென்றதிலிருந்து அதன் வரலாறு சொல்லப்படுகிறது. இடம்பெயர்ந்தவர்கள் தொடக்கிய தலம் அது. 1990 களில் ஆயிரக்கணக்கானோர் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். 1999 நவம்பரில் அந்தப் புனித வளாகத்துக்குள்ளேயே எறிகணை விழுந்து, தஞ்சமடைந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 2008 ஏப்ரலில் சொரூபமே மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. அதே ஆண்டு ஓகஸ்டில் திரும்பியது. இன்றும் ஓகஸ்ட் திருவிழாவுக்கு மக்கள் மரநிழலில் கொட்டில் போட்டுச் சமைத்துத் தங்குகிறார்கள். தலத்துக்குச் செல்பவர்கள் ஆபத்தே வராது என்ற உறுதிச்சீட்டோடு செல்வதில்லை. தம்மோடு கடவுளும் இடம்பெயர்ந்தார் என்ற நம்பிக்கையோடு செல்கிறார்கள். எமது இளைப்பாறுதலின் அடித்தளமும் அதுவே.

சபை செய்ய வேண்டியது

இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆகவே ஞாயிறு ஓய்ந்திருங்கள்" என்று முடித்தால் அது வைக்கோல் கொடுக்காமல் செங்கல் கேட்பதாகும். நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் ஓய்வு என்பது ஒரு நாள் பட்டினி. வனாந்தரத்தில் மன்னா பொழிந்த கதையில், ஏழாம் நாள் சேகரிக்கப் போகவேண்டாம் என்று சொன்ன கடவுள், ஆறாம் நாளில் இரட்டைப் பங்கு கொடுத்தார். ஓய்வைக் கட்டளையிட்டவர் ஓய்வுக்கான சோற்றையும் கொடுத்தார். சபையும் அப்படியே செய்ய வேண்டும்.

எமது தாய்மாரிடம் பிடி அரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையில் இடும் முன் ஒரு பிடியை எடுத்து ஒரு புறமாக வைத்து ஆலயத்துக்குக் கொடுப்பார்கள். அந்தப் பிடி அரிசியைச் சனிக்கிழமைகளில், கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத குடும்பங்களுக்குப் பகிர்ந்தால் என்ன? அதுவே எமது ஆறாம் நாள் மன்னா. மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆராதனைக்குப் பின் எல்லோரும் கூடி ஒன்றாக உண்ணலாம். அன்று அடுப்படி ஆண்களுக்கு. கட்டளையின் பட்டியலில் வேலைக்காரிக்கும் ஓய்வு இருக்கும்போது, வீட்டுத் தாய்க்கு மட்டும் ஞாயிறில் இரட்டைச் சமையல் என்பது எந்த நியாயம்? அவர் ஓயாத வீட்டில் ஓய்வுநாள் இல்லை.

உதவி நிறுவனங்களுக்கும் எமது சபையின் அபிவிருத்தி வேலையாட்களுக்கும் ஒரு வேண்டுகோள். மக்களைக் கூட்டத்துக்கு அழைக்கும் நாளையும் நேரத்தையும் அவர்களிடம் கேட்டு வையுங்கள். ஞாயிறையும் மாலையையும் விட்டுவிடுங்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் ஷெல் விழுந்த கதையையும் பிள்ளையைப் பறிகொடுத்த கதையையும் முதலிலிருந்து சொல்லவைக்காதீர்கள். ஒருமுறை எழுதியதை வாசித்துவிட்டு வாருங்கள். ஆறிவரும் புண்ணைப் படிவம் நிரப்புவதற்காகக் கிளறக் கூடாது.

கடனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாராந்தம் கட்டுக்காசு கேட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் முகவரின் சத்தம் கேட்டு எத்தனை பெண்கள் நித்திரை இழந்திருக்கிறார்கள்! மோசேயின் சட்டத்தில் ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு என்றால், உபாகமம் 15 இல் அதே ஏழாம் ஆண்டு கடன்பட்டவருக்கும் விடுதலை. நிலத்தின் ஓய்வும் கடனாளியின் ஓய்வும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன. ஒரு கடனை அடைக்க மறு கடன் எடுக்கும் நிலையில் உள்ள சகோதரிகளை, மாதர் சங்கத்தின் சிறு சேமிப்பாலும் கூட்டுறவாலும் தாங்கி மீட்பது எமது சபைகள் செய்யக்கூடிய ஆன்மீக வேலை. கடன்காரனுக்கு அஞ்சி ஒளிந்திருக்கும் பெண்ணிடம் "ஆண்டவரில் இளைப்பாறு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எமக்கு உரிமை இல்லை.

மண்ணையும் மறவாதிருப்போம். திரும்பிப் போனவர்கள் இழந்த ஆண்டுகளை ஒரே போகத்தில் எடுத்துவிடும் அவசரத்தில் நிலத்தை வாட்டுவதைக் காண்கிறோம். 2021 இல் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது, உரத்தை மட்டுமே நம்பியிருந்த வயல்கள் எப்படிக் கைவிட்டன என்பதைக் கண்டோம். காணியின் ஒரு மூலையிலாவது சணலோ பயறோ போட்டு ஆறவிடுவோம். நிலத்தை ஆறவிடத் தெரிந்தவருக்குத் தன்னையும் ஆறவிடத் தெரியும்.

எமது அயலிலே சைவரும் இஸ்லாமியரும் இதே களைப்போடு வாழ்கிறார்கள். அவர்களும் இடம்பெயர்ந்தார்கள், அவர்களும் காத்திருக்கிறார்கள். எமது பொது உணவும் பிடி அரிசியும் வேலியோடு நின்றுவிடக் கூடாது. அந்நியனும் இளைப்பாறட்டும் என்பதே கட்டளை. நாமே ஒருகாலத்தில் அந்நியராய் வேறோர் ஊரின் வாசலில் நின்றபோது, யாரோ ஒரு செம்பு தண்ணீரும் தங்க ஒரு விறாந்தையும் தந்தார்கள். அந்த இளைப்பாறுதல் கடவுளிடமிருந்து வந்தது என்று அன்றே எமக்குத் தெரியும்.

வருகிற ஞாயிறு ஒரு சிறு தொடக்கமாக இருக்கட்டும். முழு நாள் முடியாவிட்டால் அரை நாள். அரை நாளும் முடியாவிட்டால் பின்னேரம் ஒரு மணித்தியாலம். மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, படிவங்களையும் கடன் புத்தகத்தையும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு மரத்தடியில் இருப்போம். அந்த நேரத்தில் உலகம் எம்மால் நடக்கவில்லை, கடவுளால் நடக்கிறது என்று நம்பியிருப்போம். திங்கட்கிழமை காணிக்கான மனுவோடு மறுபடியும் எழும்புவோம். வழி இன்னும் நீளமானது. சாப்பிட்டுவிட்டே நடப்போம்.